டட்சன் 240 இசட்: துருப்பிடித்த பெட்ரோல் டேங்க் பட்டைகளை மாற்றும் முறை

டட்சன் 240 இசட் காரின் பெட்ரோல் டேங்க் 60 லிட்டர் கொள்ளும். நிரம்பிய டேங்கில் பெட்ரோலின் எடை மட்டும் ஏறக்குறைய 44 கிலோ. காரின் பின்புறத் தளத்துக்கு அடியில் இந்த எடையைத் தாங்கி நிற்பவை இரண்டே இரண்டு இரும்புப் பட்டைகள். ஐம்பது வயதைத் தாண்டிவிட்ட இந்தக் கார்களில், இன்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் பெயின்ட்டுக்கும் கிடைக்கிற கவனம் இந்தப் பட்டைகளுக்குக் கிடைப்பதில்லை. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் அவை கண்ணில் படும். அப்படிப் பார்த்தாலும் வெளிப்பக்கம் மட்டும்தான் தெரியும்.

1969 அக்டோபரில் ஜப்பானில் அறிமுகமான இந்தக் காருக்கு அங்கே ஃபேர்லேடி இசட் என்று பெயர். அமெரிக்காவில் 1970-ல் 3,526 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் 1971-லும் 1973-லும் வென்ற கார் இது. 1973-ல் இதை ஓட்டி ஜெயித்தவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா. அந்தக் கரடுமுரடான பாதைகளையே தாங்கிய கார் தோற்றுப்போகிற இடம் ஒன்று உண்டு. அது துரு. அதன் தகடு மெல்லியது, அந்தக் காலத்துத் துருத் தடுப்பும் போதாது. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிற அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பிரிட்டனிலும் ஓடிய கார்கள் அதிகம் அடிவாங்கியிருக்கின்றன.

ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கத் தெரிந்த, ஸ்பானர் பிடித்துப் பழகிய, ஆனால் பெட்ரோல் டேங்கில் இதுவரை கை வைக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

துரு எங்கே தொடங்குகிறது

பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு ரப்பர்ப் பட்டி இருக்கும். இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க வைத்தது அது. நாளாக ஆக ரப்பர் காய்ந்து சுருங்கி ஓரங்களில் விலகும். டயர் வாரியடிக்கிற உப்புத் தண்ணீர் அந்த இடுக்கில் புகுந்துவிட்டால் வெளியே வர வழியில்லை. வெயிலில் காரின் மற்ற பாகமெல்லாம் காய்ந்த பிறகும் அந்த இடம் ஈரமாகவே இருக்கும். உப்பு காற்றிலிருந்தும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, காற்றுப் புகாத ஈர இடுக்கில் அரிப்பு திறந்த இடத்தைவிட வேகமாக நடக்கும்.

அதனால் பட்டையின் வெளிப்பக்கம் கறுப்புப் பெயின்ட்டோடு ஒழுங்காகத் தெரியும்போதே உள்பக்கம் பாதி கரைந்திருக்கலாம். அதே ஈரம் டேங்கின் தகட்டையும் அரிக்கும். இந்த வேலைக்கு இறங்குகிறவர் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான்: பட்டையை மட்டும் புதிதாக்கி, ரப்பரையும் அதற்கு அடியில் உள்ள தகட்டையும் கவனிக்காமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். புதுப் பட்டையும் அதே வழியில்தான் போகும்.

பட்டையை மாற்றும் கட்டம் வந்துவிட்டதா என்று அறிய, நல்ல டார்ச் அடித்து மூன்று இடங்களைப் பாருங்கள்: பட்டை வளைகிற மூலை, போல்ட் நுழையும் முனை, உடலோடு சேர்கிற பிராக்கெட். ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஓரத்தைச் சுரண்டினால் செதில் செதிலாக உரிகிறதா? பட்டையின் விளிம்பு கத்தி விளிம்பு மாதிரி மெலிந்திருக்கிறதா? ரப்பர் உப்பியதுபோல் மேலே எழும்பியிருக்கிறதா? துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும், அதனால்தான் ரப்பரைத் தூக்கும். இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஒரு பட்டை மட்டும் மோசம், இன்னொன்று பரவாயில்லை என்று தோன்றினாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டும் ஒரே தண்ணீரில் ஊறியவைதான்.

முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

240 இசட்டுக்கான மறு தயாரிப்புப் பட்டைகள் பழைய டட்சன் உதிரிபாகங்கள் விற்பவர்களிடம் கிடைக்கின்றன. சாதா இரும்பில் பவுடர் கோட்டிங் செய்தவையும் உண்டு, துருப்பிடிக்காத எஃகில் செய்தவையும் உண்டு. எஃகுப் பட்டை நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மை. ஆனால் ரப்பர் விலகி அது டேங்கின் இரும்பை நேரடியாகத் தொட்டால், உப்பு ஈரத்தில் டேங்க் இன்னும் வேகமாக அரிக்கும். நான் தேர்ந்தெடுப்பது நன்றாகப் பூசப்பட்ட சாதா இரும்பைத்தான். பட்டை கெடலாம், டேங்க் கெடக்கூடாது. குழாய் மாட்டுகிறவர்கள் பயன்படுத்தும் ஓட்டை போட்ட தகரப் பட்டையை வைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். 44 கிலோ பெட்ரோலை அதில் தொங்கவிடக் கூடாது.

ரப்பருக்கு நியோப்ரீன் பட்டி நல்லது. வெயிலையும் தண்ணீரையும் தாங்கும், கொஞ்சம் பெட்ரோல் பட்டாலும் சமாளிக்கும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைக்கிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்த ரப்பர் பெட்ரோல் பட்டால் ஊதிப்போகும். ஃபெல்ட், ஸ்பாஞ்ச் இரண்டும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். இரண்டும் வேண்டாம்.

பெட்ரோல் ஹோஸ்களையும் இப்போதே வாங்கிவிடுங்கள். டேங்கை இறக்கிய பிறகு அவற்றை மாற்றாமல் திரும்ப ஏற்றுவதில் அர்த்தமில்லை. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பட்டால் பழைய ரப்பரில் வெடிப்பு விழும். ஹோஸின் மேலேயே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 (SAE J30R9) என்ற தரக் குறியீடு அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கிளாம்ப் வாங்கும்போது உள்பக்கம் வழவழப்பாக இருப்பதை எடுங்கள். ஓட்டை வரிசை உள்ள மலிவான கிளாம்ப் இறுக்க இறுக்க ரப்பரை அறுக்கும்.

இவை தவிர, துரு இளக்கும் எண்ணெய், கம்பி பிரஷ், ஆறு முனை சாக்கெட் செட், எபாக்சி பிரைமர், துருவை மாற்றும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல், செம்பு கிரீஸ், நைட்ரைல் கையுறை, கண்ணாடி, பெட்ரோல் தீக்கான தீயணைப்பான். கண்ணாடி கட்டாயம். அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்யும்போது துருத் தூள் நேராகக் கண்ணில்தான் விழும்.

பெட்ரோலைக் காலி செய்வது

நிதானம் மிக அதிகமாகத் தேவைப்படுகிற கட்டம் இது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து போகும். காற்றில் ஒன்றரை சதவீதம் அளவுக்குக் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அமெரிக்க வீடுகளில் கராஜுக்குள்ளேயே கேஸ் வாட்டர் ஹீட்டர் இருப்பதுண்டு. அதன் சின்னச் சுடர் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். கராஜின் ஒரு மூலையில் சிந்திய பெட்ரோலின் ஆவி இன்னொரு மூலையில் உள்ள அந்தச் சுடரைத் தேடிப் போய்விடும். அதனால் பெட்ரோல் இறக்குகிற வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ஹீட்டரை முழுவதுமாக அணைத்து, கதவுகளைத் திறந்து வையுங்கள். இழைபல்பு உள்ள கைவிளக்கு வேண்டாம். அது கீழே விழுந்து உடைந்தால் போதும். பேட்டரியில் ஓடும் எல்.இ.டி. விளக்கைப் பயன்படுத்துங்கள்.

கார் ஓடுகிற நிலையில் இருந்தால், வேலைக்கு முந்தைய நாட்களில் பெட்ரோல் போடாமலே ஓட்டி முள்ளைக் கீழே கொண்டுவாருங்கள். 60 லிட்டரைக் கேன்களில் பிடிப்பதைவிட ஐந்தாறு லிட்டரைப் பிடிப்பது எவ்வளவோ மேல். பிறகு இன்ஜினை நன்றாக ஆறவிட்டு, பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் மூடியைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள்.

டேங்கின் அடியில் வடிகால் போல்ட் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள டேங்க் என்றால் அதைக் கழற்றி வடிக்கலாம். துருப்பிடித்த டேங்கில் அதன்மேல் உடனே பலத்தைக் காட்டாதீர்கள். போல்ட்டோடு தகடும் சேர்ந்து கிழிந்தால் பெட்ரோலை நிறுத்த வழியில்லாமல் போய்விடும். முதலில் கை பம்ப்பால் உறிஞ்சி எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதை மட்டும் போல்ட் வழியாக வடியுங்கள். வாயால் குழாயை உறிஞ்சுவது கூடவே கூடாது. பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

பிடிக்கிற கேன் பெட்ரோலுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். அதைத் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பின் மேலோ வேனின் பின்தட்டிலோ வைத்தால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி கிளம்பும். கார் பல வருடம் நின்றிருந்தால் உள்ளே இருப்பது பிசின் மாதிரி மாறிய பழைய பெட்ரோலாக இருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றாமல், உள்ளூர் நகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பில் ஒப்படையுங்கள்.

காரைத் தூக்குவது

முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். பின்புறம் டிஃபரன்ஷியல் உறையின் கீழ் மரத்துண்டு வைத்து ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வையுங்கள். இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடலே சேசிஸ். ஸ்டாண்டு வைக்கிற இடத்தையும் துரு தின்றிருக்கலாம். அந்த இடத்தைச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் வைக்கலாம். மொத்தென்று கேட்டால் அல்லது தகடு உள்வாங்கினால் வேறு இடம் தேடுங்கள். கார் ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். அப்புறம்தான் அடியில் போக வேண்டும்.

ஹோஸ்களும் வயர்களும்

கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கோடு நிறைய ஹோஸ்கள் சேர்கின்றன: பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து வரும் பெரிய ஹோஸ், இன்ஜினுக்குப் போகும் லைன், திரும்பி வரும் லைன், காற்றும் ஆவியும் போகும் ஹோஸ்கள் சில. அமெரிக்காவில் விற்ற கார்களில் இந்த ஆவி ஹோஸ்கள் காருக்குள்ளே ஏறி, வலது பின்பக்கப் பேனலுக்குப் பின்னால் இருக்கும் சிறிய ஆவித் தொட்டிக்குப் போகின்றன. ஒவ்வொன்றிலும் மாஸ்க்கிங் டேப் சுற்றி எண் எழுதுங்கள். ஹோஸிலும் அது சேர்கிற குழாயிலும் அதே எண் இருக்கட்டும்.

காய்ந்துபோன ஹோஸை இழுத்துக் கழற்றாதீர்கள். அது மாட்டியிருக்கிற மெல்லிய குழாய் டேங்கோடு ஒட்டிய இடத்தில் ஒடிந்துவிடும். எப்படியும் புதிதாக மாற்றப்போகிறோம், பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள். பெட்ரோல் அளவு காட்டும் மிதவையின் வயர்களையும் கழற்றி ஒதுக்குங்கள். சில ஹோஸ்கள் டேங்கின் மேல்பக்கம் இருக்கும், கை எட்டாது. அவற்றை டேங்க் கொஞ்சம் இறங்கிய பிறகு பார்க்கலாம்.

பட்டையைக் கழற்றுவது

ஒவ்வொரு பட்டையின் ஒரு முனையும் உடலில் உள்ள பிராக்கெட்டில் மாட்டியிருக்கும். மறுமுனையை நட்டும் போல்ட்டும் இழுத்துப் பிடித்திருக்கும். அந்த நட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெயை வேலைக்குச் சில நாட்கள் முன்பிருந்தே தினமும் அடித்து வாருங்கள். அடிப்பதற்கு முன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். மரை அழுக்காக இருந்தால் நட்டு பாதி வழியில் மறுபடி இறுகிவிடும்.

பட்டையைத் தளர்த்தும் முன் டேங்கின் அடியில் ஜாக்கி நிற்க வேண்டும். ஜாக்கித் தலைக்கும் டேங்குக்கும் நடுவே அகலமான பிளைவுட் பலகை வைத்து, டேங்கைத் தொடும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். எடை பட்டையிலிருந்து பலகைக்கு மாறினால் போதும், அழுத்தித் தூக்கினால் தகடு உள்ளே குழிந்துவிடும். உடன் ஒருவர் இருந்தால் டேங்க் சாயாமல் பிடித்துக்கொள்வார். தனியாகச் செய்யாதீர்கள்.

இப்போது ஆறு முனை சாக்கெட் போட்டு நட்டைத் திருப்புங்கள். பன்னிரண்டு முனை ஸ்பானர் துருப்பிடித்த நட்டின் மூலைகளை மழித்துவிடும். இளகவில்லை என்றால் முதலில் துளி இறுக்கும் பக்கமாக அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். முன்னும் பின்னுமாகப் பொறுமையாகப் போனால் பெரும்பாலும் வந்துவிடும். அப்படியும் வராத நட்டுக்கு நட் ஸ்பிளிட்டர் இருக்கிறது. திருகினால் நட்டைப் பிளந்துவிடும், பொறி வராது. வேறு எந்த நட்டுக்கும் நாம் செய்கிற இரண்டு காரியங்களை இங்கே செய்யக் கூடாது: நெருப்பு காட்டுவது, கிரைண்டர் போடுவது. டேங்க் காலி என்று நினைத்து யாராவது யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே முழுவதும் ஆவியும் காற்றும் கலந்து நிற்கிறது.

இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒன்றை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் டேங்க் ஒரு பக்கம் சாய்ந்து, இன்னும் கழற்றாத ஹோஸை இழுத்துக் கிழிக்கும். பட்டைகள் விலகியதும் ஜாக்கியை ஒரு சாண் அளவுக்கு இறக்கி நிறுத்துங்கள். மேலே கைவிட்டு மிச்ச ஹோஸ்களைக் கழற்றுங்கள். எல்லாம் விட்டதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு முழுவதும் இறக்குங்கள். சைலன்சர் குறுக்கே நின்றால் அதன் ரப்பர்த் தொங்கல்களைக் கழற்றிப் பக்கவாட்டில் நகர்த்திக்கொள்ளலாம்.

ஜாக்கியை மட்டும் டேங்குக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, டேங்கை இறக்காமலே பட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றிவிட முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். பலர் செய்கிறார்கள். ஆனால் டேங்கின் மேல்பக்கம், பட்டை படிந்த இடம், உடலின் அடித்தளம் எதையும் அந்த வழியில் பார்க்க முடியாது. பட்டை இந்த அளவுக்குக் கெட்டிருக்கும்போது அவற்றைப் பார்க்காமல் மூடுவதற்கு எனக்கு மனம் வராது.

டேங்க் கீழே வந்த பிறகு

டேங்கின் எல்லா வாய்களையும் அடைத்து, காரிலிருந்து தூரமாக, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். பழைய ரப்பரை உரித்துவிட்டு, அது இருந்த இடத்தைக் கையால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். மேலோட்டமான துரு என்றால் அமிலக் கரைசல் பூசி, காய்ந்ததும் எபாக்சி பிரைமர், பெயின்ட் அடிக்கலாம். ஆழமான குழிகள் தெரிந்தால் ஸ்க்ரூ டிரைவர் முனையால் மெதுவாக அழுத்துங்கள். உள்வாங்கினாலோ, ஈரம் கசிந்த கறை இருந்தாலோ அந்த டேங்கை அப்படியே மாட்டக்கூடாது. பெட்ரோல் டேங்கைக் கொதிக்க வைத்துக் கழுவி ரிப்பேர் செய்கிற ரேடியேட்டர் கடைக்காரரிடம் கொண்டுபோங்கள். வீட்டில் வெல்டிங் வைக்கக் கூடாது. மிதவையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்புத் தூள் படிந்திருந்தால் உள்பக்கமும் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஃபில்டர் அடைத்துக்கொண்டே இருக்கும்.

அதே கவனத்தோடு உடலின் பிராக்கெட்டுகளைப் பாருங்கள். புதுப் பட்டை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது தொங்குவது இந்தப் பிராக்கெட்டில்தான். இது கரைந்திருந்தால் டிங்கரிங் செய்பவர் வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அப்போதும் டேங்க் அந்த இடத்திலேயே இருக்கக் கூடாது. காரில் ஓடும் பெட்ரோல் லைன்களிலும் ஆவி நிற்கும் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வலது பின்பக்கப் பேனலைக் கழற்றி ஆவித் தொட்டியின் ஹோஸ்களையும் இப்போதே மாற்றுங்கள். பழைய இசட் கார்களில் உட்கார்ந்தால் பெட்ரோல் வாசம் அடிக்கும் என்று பலர் குறை சொல்வதற்கு, வெடித்துப்போன இந்த ஹோஸ்களும் ஒரு முக்கியக் காரணம்.

மாட்டுவது

புதுப் பட்டைகளை முதலில் வெறுமனே பிராக்கெட்டில் மாட்டி, நீளமும் வளைவும் சரியா என்று பாருங்கள். மறு தயாரிப்புப் பட்டைகளில் போல்ட் ஓட்டை கொஞ்சம் தள்ளி வருவதுண்டு. டேங்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்கும்போது அதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை. ஓட்டையை அரம் போட்டுச் சரிசெய்தால், தெரிகிற வெற்று இரும்பில் மறக்காமல் பிரைமர் தடவுங்கள். துரு முதலில் தேடி வருவது வெட்டு விளிம்புகளுக்குத்தான்.

ரப்பர்ப் பட்டி இரும்புப் பட்டையைவிட இருபுறமும் சில மில்லிமீட்டர் அகலமாக இருக்கட்டும். பட்டையின் விளிம்பு டேங்கைக் கடிக்காது. பசையால் பட்டையில் மட்டும் ஒட்டுங்கள், டேங்கில் ஒட்ட வேண்டாம். பசை முழுப் பரப்பிலும் சீராகப் பரவ வேண்டும். நடுவே ஒட்டாத பை மாதிரி இடம் இருந்தால் தண்ணீர் அங்கே போய்த் தங்கும். உடலுக்கும் டேங்கின் மேல்பக்கத்துக்கும் நடுவே இருந்த ரப்பர்த் துண்டுகளையும் புதிதாக வையுங்கள். பெயின்ட் நன்றாக இறுகிய பிறகுதான் இதெல்லாம்.

டேங்கை ஜாக்கியில் ஏற்றி ஒரு சாண் இடைவெளியில் நிறுத்துங்கள். மேல்பக்க ஹோஸ்களை எண் பார்த்து மாட்டி கிளாம்ப் இறுக்குங்கள். எந்த ஹோஸும் மடங்கி நசுங்காமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே மெல்ல உயர்த்துங்கள். ஆவி ஹோஸ் மடங்கினால் பெட்ரோல் போடும்போது பம்ப் அடிக்கடி கட் ஆகும். பட்டைகளைப் பிராக்கெட்டில் கோத்து, மரையில் செம்பு கிரீஸ் தடவி, புது நட்டும் வாஷரும் போடுங்கள்.

இறுக்குவதில் ஆவேசம் வேண்டாம். இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்கி, ரப்பர் லேசாக அமுங்கி, இரண்டு கையாலும் ஆட்டினாலும் டேங்க் அசையாத நிலை வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் டேங்கின் மூலை குழியும், அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். கடைசியில் பூட்டு நட்டைப் போட்டு இறுக்குங்கள். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர். மிதவை வயர்கள், பெட்ரோல் வாய் ஹோஸ், சைலன்சர், கடைசியாகப் பேட்டரி.

சோதித்துப் பார்ப்பது

எடுத்த எடுப்பில் டேங்கை நிரப்பிவிடாதீர்கள். ஐந்து லிட்டர் ஊற்றி, கார் ஸ்டாண்டில் இருக்கும்போதே வடிகால் போல்ட்டையும் கீழ்ப்பக்க ஹோஸ்களையும் வெள்ளைப் பேப்பர் துடைப்பானால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் இன்ஜினை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். இந்தக் காரின் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து ஓடுவது, இன்ஜின் ஓடினால்தான் லைனில் பெட்ரோல் வரும். அதன்பிறகு காரை இறக்கி, பக்கத்து பங்க்வரை ஓட்டிப்போய் முழுவதும் நிரப்புங்கள். மேல்பக்க ஹோஸ்களும் பெட்ரோல் வாயின் இணைப்பும் கசிகிறதா என்று டேங்க் நிரம்பினால்தான் தெரியும். நிரப்பிய அன்று இரவு காரை மூடிய கராஜுக்குள் விடாமல் வெளியே நிறுத்துங்கள். காலையில் அடியில் கறையோ வாசமோ இல்லையென்றால் உள்ளே கொண்டுபோகலாம்.

ரப்பர் புதிதாக அமரும்போது கொஞ்சம் தளரும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். உப்புச் சாலையில் ஓடும் கார் என்றால் குளிர்காலம் முடிந்ததும் அடிப்பக்கத்தை வெறும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, முழுவதும் காய்ந்த பிறகு பட்டைகளின் இரு ஓரத்திலும், ரப்பர் டேங்கைச் சந்திக்கும் கோட்டிலும் துருத் தடுப்பு மெழுகை அடித்துவிடுங்கள். கழுவும்போது தண்ணீரைப் பட்டையின் ஓரத்துக்கு நேராக அழுத்தத்தில் அடிக்க வேண்டாம், அது ரப்பருக்குள் புகுந்துவிடும்.